நன்றியுரைக்காரி

1

மூன்று கிழமையாக ஒரு படிவம் என் கைப்பைக்குள் கிடந்து கசங்கிக்கொண்டிருந்தது. பஸ் கார்ட், தலைவலிக் குளிசை, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவில் திருநீற்றுப் பொட்டலம் இவற்றுக்கு நடுவில் அது நாலாக மடிந்து இருந்தது. ஒவ்வொரு முறை வீட்டுத் திறப்பைத் தேடிக் கையை விடும்போதும் அதுதான் முதலில் தட்டுப்படும். திறப்பை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பவும் உள்ளே தள்ளிவிடுவேன்.

நான் வேலை செய்வது நோர்பரியில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில். நாள் முழுக்க மற்றவர்களைக்கொண்டு படிவம் நிரப்புவிப்பதுதான் என் தொழில். "பின் பக்கமும் இருக்கிறது", "கையெழுத்து வைத்தீர்கள், திகதி எங்கே?" என்று வாய் ஓயாமல் கேட்பேன். பல் நோவோடு வந்த மனுசனைக்கூட திகதி போடாமல் உள்ளே விட்டதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரேயொரு பக்கப் படிவத்தை மூன்று கிழமை ஒளித்து வைத்திருந்தேன் என்றால் அதில் என்ன கேட்டிருந்தார்கள் என்று யோசிப்பீர்கள்.

பெரிதாக ஒன்றுமில்லை. "உங்கள் பிள்ளை அடுத்த வருடமும் மேடைத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடரச் சம்மதமா?" ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். கீழே கையெழுத்து, திகதி. அதற்கும் கீழே, பெற்றோரின் குறிப்பு ஏதும் இருந்தால் எழுத இரண்டு கோடுகள். முதலில் கைப்பேசி வழியாக நாலு தரம் கேட்டார்கள். நான் பதில் போடவில்லை என்றதும் கடதாசியில் அனுப்பினார்கள். கடைசி நாள், நாடகம் நடக்கும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கள்.

என் மகள் ஆரணிக்குப் பதினாலு வயது. அந்த வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு லைற் போடுகிறவள் அவள்தான்.

2

இங்கே ஒரு சாதாரண பள்ளிக்கூடத்தில் எத்தனை கழகங்கள் இருக்கின்றன என்று சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். சதுரங்கக் கழகம், விவாதக் கழகம், ரோபோக் கழகம் என்பதெல்லாம் விளங்குகிறது. கம்பளி பின்னுவதற்கு ஒரு கழகம். தேனீ பார்ப்பதற்கு ஒரு கழகம். செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பதற்கும் ஒரு கழகம், அதற்குப் பொறுப்பாக ஒரு ரீச்சர். நாங்கள் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தபோது என்ன விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

செப்டெம்பரில் கழகங்களின் பட்டியல் வரும். வந்த நிமிடத்திலிருந்து எங்கள் தமிழ் அம்மாமாரின் வட்சப் குழு தூங்காது. "மெடிசினுக்கு எந்தக் கழகம் நல்லது?" "தேனீ எடுத்தால் பயோலொஜிக்கு உதவுமோ?" "பின்னுறதை சேர்ஜரி எண்டு காட்டலாம், கை நடுங்காது எண்டு எழுதலாம்." பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அந்தக் குழுவில் ஒருத்தியும் கேட்டதை நான் காணவில்லை. நானும் கேட்கவில்லை, பொய் சொல்லக்கூடாது.

நான் ஆரணிக்கு விவாதக் கழகம் என்று தீர்மானித்திருந்தேன். வாய் காட்டுவதில் அவளை அடிக்க இந்த வீட்டில் ஆளில்லை. அதை வீட்டில் வீணாக்காமல் மேடையில் காட்டட்டும், நாளைக்கு ஒரு சட்டத்தரணியாக வரட்டும் என்று நினைத்தேன். அவளோ எங்களுக்குச் சொல்லாமல் மேடைத் தொழில்நுட்பத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கறுத்த ரீசேட், கறுத்த காற்சட்டை, இடுப்பில் ஒரு திருகாணிச்சாவி. நாடகம் நடக்கும்போது மண்டபத்தின் பின்சுவரோடு இருக்கிற ஒரு சின்னக் கூட்டுக்குள் ஏறி இருந்து பொத்தான்களை உயர்த்திப் பதிக்கிறதுதான் வேலை.

"மேடையில ஒருத்தருக்கும் தெரியமாட்டியே?" என்று கேட்டேன்.

"அதுதானே அம்மா பொயின்ற். எங்களைத் தெரிஞ்சால் நாங்கள் பிழை விட்டிட்டம்."

இப்படியொரு கழகத்தை நான் கேள்விப்பட்டதேயில்லை. போதாக்குறைக்கு அது கூடுவது செவ்வாயும் வியாழனும். வியாழன் கணித ரியூசன். நாடகக் காலத்தில் சனிக்கிழமையும் கூடும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை ரியூசனை விட்டுவிட்டு ஏணியில் ஏறி பல்ப் மாற்றுகிறது என்றால் யாருக்குச் சொல்லி அழ? அதனால்தான் படிவம் கைப்பைக்குள் போனது.

3

எங்கள் பள்ளிக்கூடத்துக் கழகங்களை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே தெரியாமல் இருப்பதற்கென்று யாரும் சேர்ந்ததில்லை. விஞ்ஞானக் கழகத்தில் இருபது பேர், அதில் பதினேழு பேருக்குப் பதவி. தலைவி, உப தலைவி, செயலாளர், இணைச் செயலாளர், பத்திராதிபர் எல்லாரும் இருந்தார்கள். விஞ்ஞானம் மட்டும் இருக்கவில்லை. ஆய்வுகூடத்தின் ஒரே நுணுக்குக்காட்டி பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது, திறப்பு இடம்மாறிப் போன ரீச்சரோடு போய்விட்டது. ஆங்கில மன்றத்தின் கூட்டம் தமிழில் நடந்தது. கூட்டமென்றால் பாதி நேரம் போன கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பது, மீதி நேரம் அதை ஒருத்தி முன்மொழிய மற்றவள் வழிமொழிவது. பிறகு மணி அடித்துவிடும்.

ஆனால் விழா என்று வந்தால் எங்களை யாரும் வெல்ல ஏலாது. கடவுள் வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, கலைநிகழ்ச்சி, கடைசியில் நன்றியுரை. அந்த நன்றியுரை நான்தான். நாலு வருடம் தொடர்ந்து எல்லா மன்றங்களுக்கும் நானே. நன்றியுரை வரும்போது சபை எழும்பிவிடும், இருந்த வாங்குகள் இழுபடும், தேத்தண்ணிக்கு வரிசை தொடங்கிவிடும். "வதனி, உனக்குத்தான் மைக் இல்லாட்டிலும் கேக்கும்" என்று சொல்லி என்னை விடுவார்கள். வரவேற்புரை வடிவான பிள்ளைகளுக்கு, நன்றியுரை தொண்டை உள்ளவளுக்கு.

நன்றியுரையில் ஒரேயொரு ஆபத்துத்தான் உண்டு. ஒரு பேரை விட்டுவிட்டால் அந்த ஆள் செத்தாலும் மறக்கமாட்டார்.

ஒருமுறை முத்தமிழ் விழா. அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மைக் செற் வைத்திருந்த சின்னராசா அண்ணை தன் கரண்ட் எஞ்சினை லான்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டுவந்து, மண்ணெண்ணெய் ஊற்றி, இழுத்து இழுத்து இயக்கி மைக்குக்கும் மேடையில் தொங்கிய ஒரு பல்புக்கும் உயிர் கொடுத்தார். நான் அதிபருக்குச் சொன்னேன், பிரதம விருந்தினருக்குச் சொன்னேன், மாலை கட்டியவர்களுக்கும் தேத்தண்ணி ஊற்றியவர்களுக்கும் சொன்னேன், பெய்யாமல் இருந்த மழைக்குக்கூடச் சொன்னேன். "இத்துடன் என் உரையை" என்று வாயெடுக்க எஞ்சின் நின்றது. மைக் செத்தது, பல்பும் அணைந்தது. இருட்டுக்குள் பின்னாலிருந்து ஆறுதலாக, அவசரமில்லாமல் ஒரு குரல் வந்தது.

"பிள்ளை, எல்லாருக்கும் சொன்னியள். எஞ்சின்காறனுக்கு?"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் அவர் பேரைச் சொன்ன பிறகுதான் எஞ்சின் திரும்ப இயங்கியது. ஒரு வருடம் முழுக்க என்னைக் கண்ட இடத்தில் பெட்டைகள் "எஞ்சின்காறனுக்கு?" என்று கேட்டார்கள். இந்தக் கதையை நான் ஆரணிக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பேன். சொல்லத் தொடங்கினாலே காதுக்குள் பாட்டுக் கேட்கிற அந்த வெள்ளைக் குமிழை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். சுவருக்குச் சொன்னது மாதிரித்தான்.

4

படிவத்துக்கான சண்டை நாடகத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வெடித்தது. அவள் ஆங்கிலத்தில் கத்தினாள், நான் தமிழில் கத்தினேன், அவளின் அப்பா, இவர், இரண்டு மொழியிலும் பேசாமல் இருந்து கோழிக்காலைக் கடித்தார்.

"எல்லாத்துக்கும் ஒளிச்சுக்கொண்டு இருக்கிறாய். ஒரு நாளைக்கு மேடையில ஏறி நாலு வார்த்தை பேசினியே?" என்றேன்.

அவள் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். "நான் மூன்று வருடமாக உங்கள் கைப்பேசியைத் திருத்துகிறேன், அப்பாவுக்கு வரும் கவுன்சில் கடிதத்தை வாசிக்கிறேன், வெம்பிளி மாமி வந்தால் தேத்தண்ணி போடுகிறேன். இந்த வீட்டில் ஒருத்தராவது ஒரு தாங்க் யூ சொல்லியிருக்கிறீர்களா? அங்கே ஒவ்வொரு செவ்வாயும் மிஸ் என் பேரைச் சொல்லித் தாங்க் யூ சொல்கிறா."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "தாய்க்கும் பிள்ளைக்கும் என்னடி நன்றி? நாங்கள் என்ன பிறத்தியே?" என்றேன்.

அது சரியான பதில்தான் என்று அப்போது நினைத்தேன். அவள் கோப்பையைக் கழுவி வைத்தாள். கதவு நிலையில் நின்று, குரலைக் கொஞ்சம் இறக்கி, தமிழில் சொன்னாள். "அம்மா, வெள்ளிக்கிழமை வந்து பாருங்கோ. பாத்திட்டு நோ எண்டு போட்டால் போடுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் வேற ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. ப்ளீஸ்."

பிள்ளை அந்த 'ப்ளீஸ்'ஸைச் சொன்ன விதத்தில் நானும் கொஞ்சம் இறங்கினேன். ஓம் என்றேன்.

5

ஆறு மணிக்கு நாடகம். ஐந்தேமுக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் வெம்பிளி மச்சாள் நிற்கிறா. இவரின் தமக்கை. அரக்குக் காஞ்சிபுரம், தலை நிறையப் பூ, கையில் ஒரு பூங்கொத்து, பைக்குள் மடித்துவைத்த ஒரு பொன்னாடை. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் ஒண்டும் கூப்பிடேல்லை வதனி. பிள்ளைக்கு நாடகம் எண்டு மட்டுந்தான் சொன்னனான். நீர் ஏன் என்னை முறைக்கிறீர்?" என்றார்.

"எங்கட குடும்பத்தில முதன்முதல் மேடை ஏறுற பிள்ளை" என்றா மச்சாள். "ரீச்சருக்குப் பொன்னாடை போர்க்காமல் விடலாமோ?"

பிள்ளை மேடை ஏறவில்லை, கூட்டுக்குள் ஏறியிருக்கிறது என்பதை நான் எப்படிச் சொல்ல? உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார்த்தினேன். பிளாஸ்டிக் கதிரைகள். மற்றத் தாய்தகப்பன்மார் வேலை உடுப்போடும் நனைந்த குடையோடும் வந்திருந்தார்கள். காஞ்சிபுரம் சரசரக்க நாங்கள் இரண்டாவது வரிசையில் இருந்தோம்.

நாடகம் பிள்ளைகளே எழுதியது. ஒரு பஸ் வழிதவறி ஊர் ஊராகச் சுற்றுகிறது, உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பஸ் என்றால் எட்டுக் கதிரை, அவ்வளவுதான். மச்சாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் தொடையில் தட்டினா. "எங்க எங்கட பிள்ளை?" "வரும் மச்சாள்." "பஸ்ஸில இருக்கிறதுகளில ஒண்டும் எங்கட நிறம் இல்லையே." "இருங்கோ மச்சாள்."

அதற்குப் பிறகு எட்டுக் கதிரைக்கும் மேல் மழை பெய்தது. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. நீல வெளிச்சம் சாய்ந்து சாய்ந்து விழுந்து ஓடியது, நான் என்னை அறியாமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினேன். தெரு விளக்குகள் பஸ்ஸைக் கடந்து போயின. கதிரைகள் அசையவில்லை, ஆனால் பஸ் ஓடியது. கடைசியில் பஸ் ஒரு இடத்தில் நின்றது, எல்லாரும் நித்திரை. அப்போது மேடையின் ஒரு மூலையில் மெல்லச் சிவந்தது. பிறகு மஞ்சள், பிறகு கதிரைகளின் கால்கள், பிறகு ஒவ்வொரு முகமாக. ஒரு முழு விடியலை அந்தப் பிள்ளை அவசரப்படாமல் கொண்டுவந்தது. ஒருத்தரும் இருமவில்லை.

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் படித்தவள் நான். வெளிச்சம் எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கட பிள்ளை எங்க?" என்றா மச்சாள்.

"உதுதான் மச்சாள்" என்று மேடையைக் காட்டினேன். அவவுக்கு விளங்கவில்லை, ஆனால் கண்ணைத் துடைத்த என்னைப் பார்த்துத் தானும் துடைத்தா.

நாடகம் முடிந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று குனிந்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். நாடக மிஸ் ஓடிவந்து, "பின்னால் தேத்தண்ணி இருக்கிறது, போகும்போது கதிரைகளை அடுக்கிவிட்டுப் போங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கினா. அவ்வளவுதான். சனம் எழும்பியது, கதிரை இழுபட்டது.

"உதென்ன, நன்றியுரை இல்லையோ?" என்று மச்சாள் திகைத்தா.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை. கதிரை இழுபடுகிற அந்தச் சத்தம் காதில் விழுந்தால் என் கால் தானாக எழும்பும், அப்படிப் பழக்கிவிட்டார்கள். நாலு படி ஏறி மேடையின் நடுவில் போய் நின்றேன். இவர் கீழே தலையைக் கையால் பிடித்துக்கொண்டதைக் கண்டேன். அப்போது பின்சுவரிலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் வந்து என்மேல் வட்டமாக விழுந்தது. சனம் அப்படியே நின்றது. மகள் ஆதரவு தருகிறாள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அவர்களே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். மைக் இல்லை, தேவையும் இல்லை. தலைமையாசிரியருக்குச் சொன்னேன், அந்த மனுசன் அன்றைக்கு வரவேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நாடக மிஸ்ஸுக்குச் சொன்னேன். அந்த இடத்தில் மச்சாள் பொன்னாடையோடு எழும்பிப்போய் மிஸ்ஸுக்குப் போர்த்துவிட, மிஸ் சிவந்துபோய்க் குளிருக்குப் போர்த்தினது மாதிரிக் கட்டிக்கொண்டா. நடித்த பிள்ளைகளுக்கு, உடுப்புத் தைத்த தாய்மாருக்கு, தேத்தண்ணி போட்டவர்களுக்கு, மண்டபம் கூட்டுகிற காவலாளிக்கு. வழிதவறிய பஸ்ஸுக்கும் சொன்னேன், அதற்குச் சபை சிரித்தது. ஒருத்தரையும் விடவில்லை என்ற திருப்தியில் கை கூப்பி, "இத்துடன் என் உரையை" என்று வாயெடுத்தேன்.

வெளிச்சம் போய்விட்டது. மேடையும் மண்டபமும் ஒரே இருட்டு.

பின்சுவரிலிருந்து, ஆறுதலாக, சுத்தமான தமிழில் ஒரு குரல் வந்தது.

"எல்லாருக்கும் சொன்னியள். எஞ்சின்காறிக்கு?"

அன்றைக்கு அந்த மண்டபத்தில் வேறு தமிழ் ஆக்கள் இல்லை, அது விளங்கியது மூன்றே பேருக்கு. அதில் ஒருத்தி மச்சாள், அவ "ஐயோ பிள்ளையின்ர குரல்!" என்று கத்தினா. நூறு தரம் சுவருக்குச் சொன்னதாக நினைத்த கதை, சுவரோடு இருந்த கூட்டுக்குள்ளிருந்து திரும்பி வந்திருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன நன்றி என்று கேட்ட வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"லைற்" என்றேன், ஆங்கிலத்தில். பிறகு, "மழை பெய்ததும் விடிந்ததும் அவளால்தான். என் மகள் ஆரணி. நன்றி" என்றேன். கடைசிச் சொல்லைத் தமிழில்தான் சொன்னேன்.

ஒரு மூலையில் மெல்லச் சிவந்தது. பிறகு மஞ்சள். பிறகு என் கால்கள், சேலைக்கரை, கை. நாடகத்துக்குப் போட்ட அதே விடியலை அவசரப்படாமல் எனக்கும் ஒருமுறை போட்டாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது, பின்சுவரைப் பார்த்து.

6

காரில் வீட்டுக்குப் புறப்பட்டோம். மச்சாள் பூங்கொத்தைப் பின்னால் இருந்த ஆரணியின் மடியில் வைத்துவிட்டு வெம்பிளிக்கு ரயில் ஏறப் போய்விட்டா. இவர் மட்டும் அடிக்கடி தனக்குள் சிரித்தார்.

"இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் எப்பிடிப் போறது?" என்று ஆரணி ஆங்கிலத்தில் கேட்டாள். ஆனால் அந்தப் பூங்கொத்தை மடியிலிருந்து இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து, கையால் தேய்த்து நிமிர்த்தினேன். ஆம் என்ற பெட்டியில் பெரிதாக ஒரு சரி போட்டேன். கையெழுத்து வைத்தேன். குறிப்புக்கென்று விட்ட இரண்டு கோட்டில், வியாழன் ரியூசனைப் புதனுக்கு மாற்றுகிறோம் என்று எழுதினேன். அது பள்ளிக்கூடத்துக்குத் தேவையில்லாத சங்கதிதான். அதை வாசிக்கவேண்டியவள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையைப் பற்றி நான் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தச் சண்டை இன்னும் மிச்சம் இருக்கிறது.

"அம்மா, திகதி போடேல்லை" என்றாள்.

வாழ்நாளில் முதல்முறை. பேனையை எங்கேயோ வைத்துவிட்டிருந்தேன். மேசையைத் தடவினேன், கைப்பைக்குள் துழாவினேன். அவள் தன் கறுத்த காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்து நீட்டினாள்.

"தாங்க் யூ" என்றேன். சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் கஷ்டமில்லை.

அவள் பூங்கொத்துக்குத் தண்ணி பிடிக்கத் திரும்பியவள், அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"தாய்க்கும் பிள்ளைக்கும் என்னம்மா நன்றி?" என்றாள். "நாங்கள் என்ன பிறத்தியே?"